ஏழு மணிக்குச் சுற்றும் வட்டம்

எந்த மெஷின் நின்றாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பி இருபத்தெட்டு வருடம் மெயிண்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நான் போய்ச் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் வீட்டுக்குள்ளும் என்னோடு வந்து குடியிருந்தது. அதைத் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலையை விட்டேன். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவ அழைத்துப் போக வேண்டும். உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து டயாலிசிஸ் சென்டர் கால் மணி நேரம்தான், ஆனால் அங்கே நாலு மணி நேரம் நாற்காலியில் கிடந்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவள் எதற்கும் ஆக மாட்டாள். நேராகப் போய்ப் படுத்துவிடுவாள். மற்ற நாள்களில் கொஞ்சம் தெம்பு இருக்கும். சமைப்பாள், விளக்கு வைப்பாள், என்னைத் திட்டுவாள்.

அவளுக்குப் பொழுது போக வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய டிவி வாங்கினேன். இன்டர்நெட்டில் ஓடுகிற டிவி. தமிழ்ச் சீரியல், பாட்டு, சமையல் எல்லாம் வரும். அவளுக்காக வாங்கினேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைப் பார்த்தவன் நான்தான். அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே மகள். பெர்த்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவளுக்குக் குழந்தை தங்கியது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு என் மனைவி சிரித்ததை அதற்கு முன்பு பல மாதமாக நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். பிரசவத்துக்கு எப்படிப் போவது, யார் பத்தியம் பார்ப்பது, யார் குழந்தையைக் குளிப்பாட்டுவது. டயாலிசிஸை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போக முடியாது. மகளுக்கும் கர்ப்பத்தில் சிக்கல், விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "என்னாங்க, புள்ள பொறக்கறப்ப நான் இருப்பேனோ இல்லையோ. அவளுக்குச் சொல்ல வேண்டியத இப்பவே சொல்லி வச்சிடலாம்னு பாக்கறேன்."

"வாயக் கழுவு" என்று கத்தினேன். "இந்த வீட்ல இனிமே அந்தப் பேச்சு வரக் கூடாது. புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்டப் போய் சாவுற பேச்சு பேசுவியா?"

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து அவளுடைய இதயம் பலவீனமாகிக்கொண்டு வருகிறது என்று அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார். அந்தப் பயம்தான் கத்தியது. அவளுக்கு அது தெரிந்ததோ என்னவோ, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும், டிவி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் ஏழு மணியானால் படம் அப்படியே நிற்கும். நடுவில் அந்த வட்டம் வந்து சுற்றும். சீரியலில் மாமியார் அறைய ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். ஐந்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். எட்டு மணி வரைக்கும் இதே கதை. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "விடுங்க, சுத்தட்டும் லா. அது நிக்கற நேரத்துல நாம பேசிக்கிட்டு இருப்போம்" என்பாள். நான் விடுவேனா? மெஷின் எனக்குச் சவால் விடுகிறது.

முதலில் ரௌட்டரை அணைத்துப் போட்டேன். சரியாகவில்லை. அதைச் சாமி அலமாரிக்கு மேலே வைத்திருந்தோம். மகள் வாங்கிக் கொடுத்த பொருள் என்று என் மனைவி அதற்கு ஒரு லேஸ் துணி போர்த்தி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ வேறு வைத்திருந்தாள். துணியை உருவினேன், பூவைத் தூக்கி எறிந்தேன், ரௌட்டரை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். சரியாகவில்லை. சுவரோரமாக நீளக் கேபிள் ஒன்றை ஓட்டி டேப் போட்டு ஒட்டி, வைஃபை இல்லாமல் நேரடியாகவே டிவிக்குக் கொடுத்தேன். அப்போதும் ஏழு மணிக்கு வட்டம் வந்தது. படத்தின் தரத்தைக் குறைத்தேன். மாமியாரின் முகம் மங்கியது, வட்டம் மட்டும் பளிச்சென்று சுற்றியது.

லைன் கம்பெனிக்குப் போன் அடித்தேன். காலை பத்து மணிக்கு ஒரு பையன் வந்து பார்த்தான். பத்து மணிக்கு எல்லாம் நன்றாகத்தானே ஓடும். "ஓக்கே லா அங்கிள், லைன் கெஞ்சாங்கா, வேகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனை வைதுகொண்டே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். தொழிற்சாலையில் செய்வது போலத் தினமும் எழுதி வைத்தேன். எப்போது நின்றது, எத்தனை தடவை நின்றது, வெளியே மழையா, மின்னலா.

மூன்று வாரத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு வட்டம் சுற்றியது. செவ்வாய், வியாழன், சனி சுற்றவில்லை. ஒரு தடவைகூட இல்லை.

செவ்வாய், வியாழன், சனி. அந்த மூன்று நாளும் நான்தான் அவளைக் காரில் வைத்து அழைத்துப் போகிறேன், நான்தான் அழைத்து வருகிறேன். என் கையாலேயே எழுதிய பக்கம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது பக்கத்து வீட்டு மக்சிக்.

எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு அவர்களுடையது. வயதான மலாய்க்கார அம்மா. துடோங், பாஜு என்று முக்காடும் உடையும் போனில் லைவ் போட்டு விற்பார். வாரத்தில் சில நாள் சாயங்காலம் அவர் குரல் சுவரைத் தாண்டி எங்கள் ஹாலுக்குக் கேட்கும். போன வருடம் தீபாவளிக்கு முறுக்கு சாப்பிட வந்தவர் லைன் இல்லை என்றதும் என் மனைவி எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். அவருக்கு மட்டுமா? தீபாவளிக்கு வந்த அத்தனை பேருக்கும் கொடுத்தாள். எங்கள் வீடுகளில் அது பலகாரம் மாதிரி, கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி ஐஸ் பெட்டி மேலேயே ஒட்டி வைத்திருந்தாள்.

எவரோ நம் லைனைத் தின்கிறார்கள் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. நான் மாற்றவில்லை. மாற்றினால் சொந்தக்காரர்கள் அடுத்த தடவை வரும்போது போனைத் தூக்கிக்கொண்டு "என்ன மாமா, லைன் வர மாட்டேங்குது" என்பார்கள். கஞ்சன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான் என்று பினாங்கு வரைக்கும் பேச்சு போகும். மக்சிக் முகத்திலும் முழிக்க முடியாது. யாருக்கும் தெரியாமல், யார் மனதும் நோகாமல், ஒரே ஒருவரை மட்டும் சத்தமில்லாமல் வெட்டிவிடுவதுதான் மரியாதை என்று முடிவு செய்தேன்.

மாற்றியிருந்தால் புது பாஸ்வேர்டை முதலில் என் மனைவியிடம்தான் கொடுத்திருப்பேன்.

ரௌட்டருக்கு என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் நம் லைனைப் பிடித்திருக்கும் சாமான்களின் பட்டியல் வரும். ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வட்டம் சுற்றும்போது அதைத் திறந்தேன். டிவி, என் போன், அவளுடைய புதுப் போன் மூன்றும் பெயரோடு இருந்தன. நாலாவதாக ஒன்று, பெயர் இல்லாமல் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடந்தது. அதுதான் லைனை இழுத்துக்கொண்டிருந்தது. "அலமாக், மாட்டிக்கிட்டீங்களா மக்சிக்" என்று சொல்லி அதைத் தொட்டேன். தடை செய்யவா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

படம் உடனே ஓடியது. மாமியார் ஓங்கிய கை ஒருவழியாக மருமகள் கன்னத்தில் இறங்கியது. நான் கைதட்டினேன்.

"பாத்தியா? எப்டி ஓடுது பாரு. காரணத்தைப் புடிச்சிட்டேன்."

"நல்லா இருக்குங்க" என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அவளுடைய பழைய போன். மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்த பிறகு அதை எங்கேயோ போட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"என்னாங்க, இதுல லைன் வர மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

என் கண் டிவியில் இருந்தது. "அது செத்துப்போன போனு. தூக்கிப் போடு. புதுசுதான் இருக்குல்ல."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன். எழுந்து அந்தப் போனைக் கையில் வாங்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். நான் எழுந்திருக்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் டிவி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் நிற்கவில்லை, அதனால் நாங்கள் அதிகம் பேசவும் இல்லை. பதினெட்டாவது நாள், வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாற்காலியிலேயே அவள் இதயம் நின்றுவிட்டது. நான் வெளியே காரில் இருந்தேன். நர்ஸ் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

காரியங்கள் நடந்தன. மகளால் வர முடியவில்லை. ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்தது. போனில் அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வீடு நிறைய ஆள்கள். மக்சிக் ஒரு பெரிய தட்டு நிறைய மீஹூன் சேமியா பொரித்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது மலாயில், "இவ்வளவு பேர் இருக்கிறார்கள், உங்கள் லைன் தாங்காது, எங்கள் வீட்டு லைனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வியாபாரத்துக்கென்று போன வருடமே பெரிய லைனாகப் போட்டுவிட்டேன்" என்று தன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

போன வருடமே. அப்படியானால் நான் வெட்டியது யாரை என்று ஒரு கேள்வி வந்தது. யாரோ சாம்பிராணி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், எழுந்து போனேன், கேள்வி அங்கேயே போய்விட்டது.

ஐந்து வாரம் கழித்துப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மகள் கூப்பிட்டாள்.

"ப்பா, அம்மா பேசுறாங்கப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். போன தடவை வந்திருந்தபோது, அம்மாவின் பழைய போனில் இடம் இல்லை என்று அவள் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். அதில் எடுக்கிற படம், வீடியோ எல்லாம், சார்ஜரில் போட்டால் தானாகவே இன்டர்நெட்டில் ஏறிவிடும். அவள் அங்கிருந்து பார்க்கலாம். ஆனால் அம்மா அனுப்புவதெல்லாம் கோலமும் சாம்பாரும்தான் என்று நாளடைவில் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். இப்போது தொட்டில் பக்கத்தில் வைக்க அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்று தேடியபோது, பெரிய பெரிய வீடியோக்கள் நாலு கிடைத்தன. ஒவ்வொன்றையும் என் மனைவி பல நாள் துண்டு துண்டாகப் பேசிப் பேசி, மறுபடி முதலிலிருந்து பேசிப் பார்த்து, சரியாக வராததை அழித்து, தேற்றி வைத்திருக்கிறாள்.

முதலாவதில் பத்தியம். எந்த நாளில் என்ன சாப்பிட வேண்டும், பூண்டு எவ்வளவு, மிளகு எவ்வளவு. இரண்டாவதில் வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவது, ஒரு தலையணைக்குக் கட்டிக் காட்டியிருக்கிறாள். மூன்றாவதில் பால் கொடுப்பது. நாலாவதில் குழந்தை வயிறு உப்பி அழுதால் என்ன செய்வது. நான் ஹாலில் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலங்களில், ஏழு மணிக்கு முன்பே, அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் பேசியிருக்கிறாள். அவள் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். பேசி முடித்துப் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு, விளக்கு வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்காருவாள். உள்ளே அது ஏறிக்கொண்டிருக்கும். வெளியே வட்டம் சுற்றும்.

புதுப் போனில் பேசியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தப் போனை மாத்திரைக்கும் அப்பாயிண்ட்மெண்டுக்கும் தினமும் எடுத்துப் பார்க்கிறவன் நான். பார்த்தால் கத்துவேன். அதற்குப் பயந்து, சாகப்போகிற மனுஷி தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத் திருட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறாள்.

"நாலாவது முடியறப்ப, அடுத்ததுல புள்ளையக் குளிப்பாட்டறது எப்படின்னு சொல்றேன்னு சொல்றாங்கப்பா" என்றாள் மகள். "அஞ்சாவது எங்கப்பா? இல்லியே. அந்தப் போனு அங்கதான இருக்கு? கொஞ்சம் பாருங்கப்பா."

அவளுடைய சேலைகளுக்கு அடியில் இருந்தது. சார்ஜரில் போட்டேன். உயிர் வந்தது. ஒரு வீடியோ, அதன் மேல் ஒரு சின்ன அம்புக்குறி, லைனுக்காகக் காத்திருப்பதாக எழுதியிருந்தது. வைஃபையை அழுத்தினேன், பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ரௌட்டர் ஆப்பைத் திறந்து தடை செய்த பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு சாமான். அந்த எழுத்தும் எண்ணும் இந்தப் போனின் பின்பக்கத்திலும் அப்படியே அச்சாகியிருந்தன.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. பிறகு தடையை எடுத்தேன். அம்புக்குறி நகர்ந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே அது பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு நிமிடம்கூட இல்லாத வீடியோ. கட்டில் ஓரமாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வீங்கிய கால். அந்தக் காலின் மேல் ஒரு துவாலையைச் சுருட்டிக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள். "இப்டித்தான் மொதல்ல கால நீட்டிக்கணும்மா. புள்ளையோட தல உன் பாதத்துப் பக்கம் இருக்கணும்" என்று ஆரம்பிக்கிறாள். மூச்சு வாங்குகிறது. போனைப் பார்க்கிறாள்.

"இதுல லைனே வர மாட்டேங்குது. அப்பாகிட்டக் கேட்டேன், செத்துப்போன போனு, தூக்கிப் போடுன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். போகாததுக்கு உக்காந்து பேசி என்னா செய்ய." துவாலையை எடுத்து மடிக்கிறாள். மடித்துக் கட்டில் மேல் வைக்கிறாள். கை நீண்டு போனை மறைக்கிறது.

அன்று மாலையே மகள் கூப்பிட்டாள். பார்த்துவிட்டாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. ஏன் லைன் வரவில்லை என்று அவள் கேட்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை, வட்டத்தை, மக்சிக்கை, நான் கைதட்டியதை. எதையும் மறைக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

"ப்பா," என்றாள் கடைசியில். "நாளைக்கு இவள மொதத் தடவையா குளிப்பாட்டப் போறேன். நர்ஸ் சொல்லிக் குடுத்தது தெரியும். அம்மா எப்டிப்பா செய்வாங்க? கால் மேல போட்டுக்கிட்டு அப்புறம் என்னா? மொதல்ல தலைக்கு ஊத்தணுமா, ஒடம்புக்கா? என்னைக் குளிப்பாட்டனாங்கல்ல, நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

மூன்று வருடம் தினமும் என் மனைவி அவளைக் குளிப்பாட்டினாள். தண்ணீர் ஊற்றும் சத்தமும், பிள்ளை வீறிடுவதும், அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் குளியலறையிலிருந்து கேட்கும்.

"இல்லம்மா" என்றேன். "ஒரு நாள்கூட வந்து நின்னு பாக்கல."